குரூஸ் டிப்ஸை ஏஜென்டிடம் முன்கூட்டியே கட்டாதீர்கள்: 504 டாலர் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். குரூஸ் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு எப்போது, எப்படி, எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது என்பதையெல்லாம் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த டிப்ஸ் பெயரைச் சொல்லியே எங்களிடமிருந்து 504 டாலரை எப்படிக் கறந்தார்கள் என்று கேளுங்கள்.

நாங்கள் புக் செய்தது கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இல்லை. கப்பல் பயணங்களை மட்டுமே விற்கிற ஒரு ஆன்லைன் ஏஜென்சி, போனில் பேச ஆள் வைத்திருக்கிற வகை. வங்கியில் புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. அதே கேபின், அதே தேதி, விலை கொஞ்சம் குறைவு, அதனால் அங்கே போனோம்.

முதல் முறை போகிறவர்களுக்காக ஒரு விஷயம். முன்பெல்லாம் கடைசி இரவு கேபினைச் சுத்தம் செய்து கவனித்துக்கொள்கிற ஸ்டீவர்டுக்கு ஒரு கவர், சாப்பாட்டு மேஜை வெயிட்டருக்கு ஒரு கவர் என்று கையில் கொடுப்பார்கள். இப்போது பெரிய கம்பெனிகள் பலவற்றில், குறிப்பாக அமெரிக்கக் கம்பெனிகளில், ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கப்பலில் உங்கள் பெயரில் இருக்கிற கணக்கில் தானாகவே ஏறிவிடுகிறது. சாதாரண கேபினுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை, சூட் என்கிற பெரிய கேபின் எடுத்தால் அதற்கு மேலும் சில டாலர். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அதே தொகைதான், கைக்குழந்தைகளை மட்டும் சில கம்பெனிகள் விட்டுவிடும். குடும்பமாகப் போனால் இது சின்னப் பணம் இல்லை என்பது இப்போதே புரிந்திருக்கும். இதைக் கப்பலில் தினமும் ஏறவிடலாம், அல்லது ஏறுவதற்கு முன்பே மொத்தமாகக் கட்டிவிடலாம். எங்களைப் பிடித்தது அந்த இரண்டாவது வழியில்தான்.

போனில் பேசிய ஏஜென்ட் நன்றாகப் பேசினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவசரப்படுத்தவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி என்று பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கப்பலின் வரைபடத்தைத் திறந்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கேபினாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது, யாருக்குத்தான் வராது. அது முடிந்த கையோடு, "சார், டிப்ஸையும் இப்பவே கட்டிடுங்க. கப்பல்ல தினமும் கணக்குப் பார்க்கிற தொல்லை இல்லை. நடுவுல ரேட் ஏத்தினாலும் உங்களுக்குப் பழைய ரேட்தான்" என்றார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கம்பெனிகள் இந்தத் தொகையை அவ்வப்போது ஏற்றத்தான் செய்கின்றன, முன்கூட்டியே கட்டியவர்களுக்குப் பொதுவாகப் பழைய தொகையே நிற்கும். விசாரித்துப் பார்த்தாலும் சரி என்றுதான் பதில் வரும். நாலு பேர், ஏழு இரவு, ஆளுக்கு 18 டாலர். "504 வருது சார்" என்று அவரே கூட்டிச் சொன்னார். கட்டினேன். பேசி முடிப்பதற்குள் மெயிலில் இன்வாய்ஸ் வந்துவிட்டது. டிப்ஸ் முன்பணம், 504.00, செலுத்தப்பட்டது என்று தனி வரியாகவே போட்டிருந்தது.

கப்பல் கம்பெனியின் ஆப்பில் இது காட்டவில்லையே என்று நான் கேட்கவும் செய்தேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "அது கப்பல் ஏறினதும்தான் அப்டேட் ஆகும் சார், கவலையே படாதீங்க." முழுப் பொய். கம்பெனிக்குப் பணம் போய்ச் சேர்ந்திருந்தால் புறப்படுவதற்கு முன்பே உங்கள் புக்கிங்கில் அது தெரியும். ஏறின பிறகு தெரிய வருவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

ஏறினோம். கேபின் டிவியில் நம் கணக்கைப் பார்க்கலாம், ரிமோட்டில் இரண்டு தட்டு தட்டினால் போதும். பார்த்தால் ஒரே தேதியில் வரிசையாக நாலு வரி, ஒவ்வொன்றும் 18.00. கீழ்த்தளத்தில் இருக்கிற கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போய் இன்வாய்ஸைக் காட்டினேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகப் பார்த்தாள், புக்கிங் நம்பரை அடித்தாள், திரையை என் பக்கம் திருப்பினாள். முன்பணம் என்கிற கட்டத்தில் ஒன்றும் இல்லை. "உங்கள் புக்கிங் ஏஜென்ட் கையில் இருக்கிறது. நீங்கள் அவர்களிடம் கட்டியதை அவர்கள் எங்களுக்கு அனுப்பவில்லை. நாங்கள் அவர்களிடம் கேட்க முடியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்றாள். ஏஜென்சி மூலமாக வாங்கினால் இதுதான் நிலைமை. முன்பணம், ரீஃபண்ட், மாற்றம் எது என்றாலும் கப்பல் கம்பெனி உங்களை ஏஜென்டிடமே திருப்பி அனுப்பும்.

அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். விருப்பம் இல்லையென்றால் தினசரித் தொகையை எடுத்துவிடலாம், ஒரு படிவம் நிரப்பினால் போதும் என்று. பல கம்பெனிகளில் இப்படி எடுக்கவோ குறைக்கவோ முடியும், அது விதியிலேயே இருக்கிறது. பேனாவைக்கூடக் கையில் வாங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது? அன்று காலையில் எங்கள் கேபின் ஸ்டீவர்ட் துண்டை மடித்து ஒரு யானை செய்து, அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடியை அதன் மேல் மாட்டி வைத்திருந்தார். முந்தின இரவு அம்மா வெந்நீர் கேட்டதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்காமலே ஃபிளாஸ்கில் நிரப்பியும் வைத்திருந்தார். கப்பல் ஊழியர்களின் வேலை நேரத்துக்கு 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வைத்திருக்கிற உச்சவரம்பே 24 மணி நேரத்தில் 14 மணி நேரம் என்றால், அவர்கள் வாழ்க்கை எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் அடித்த பணத்துக்கு அந்த மனிதர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? என் மனைவி படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆக, 504 டாலர் இன்னொரு முறை.

இனி அந்த ஏஜென்சியின் லட்சணம். கப்பலிலிருந்து காசு கட்டி வைஃபை வாங்கிச் சாட்டில் பிடித்தேன். "ஃபைனான்ஸ் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம், 48 மணி நேரத்தில் பதில் வரும்." 48 மணி நேரம் போனது, பதில் வரவில்லை. மறுபடி கேட்டால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், கப்பலில்தான் விசாரிக்க வேண்டும்." அனுப்பியதற்கு ரசீது கொடுங்கள் என்றால் சாட் முடிக்கப்பட்டது என்று ஒரு வரி, அதற்குக் கீழே எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. என்ன திமிர்!

இறங்கிய பிறகு போன் பண்ணினேன். அம்மா முட்டியைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்தவர் இப்போது "வேறு டிபார்ட்மென்ட்" ஆகிவிட்டார். புதிதாக எடுத்த பெண், "பயணம் முடிஞ்சதால உங்க புக்கிங் மூடியாச்சு சார், சிஸ்டத்துல திறக்க வராது" என்றாள். அதாவது பயணத்துக்கு முன் கேட்டால் ஏறினதும் தெரியும், ஏறின பிறகு கேட்டால் 48 மணி நேரம், இறங்கின பிறகு கேட்டால் மூடியாச்சு. கேட்பதற்குச் சரியான நாள் என்று ஒன்றையே அவர்கள் வைக்கவில்லை. அவளுக்கு மேலே இருந்தவர் வந்தார். அவர் சொன்னதுதான் உச்சம்: "நீங்க கவுண்டர்ல சொல்லி அந்தத் தினசரிச் சார்ஜை எடுத்திருக்கலாமே சார், அப்ப உங்களுக்கு நஷ்டமே வந்திருக்காது." இவர்கள் 504 டாலரை வைத்துக்கொள்வார்களாம், அதை நாங்கள் கேபின் துடைக்கிறவரிடம் பிடுங்கிச் சரிக்கட்ட வேண்டுமாம். போனை வைத்துவிட்டேன், வைக்காவிட்டால் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கும்.

பிறகு நல்லெண்ண அடிப்படையில் என்று ஒரு மெயில் வந்தது. அடுத்த பயணத்தை அவர்களிடமே புக் செய்தால் 100 டாலர் கழிவாம். என் 504-ஐ வைத்துக்கொண்டு எனக்கே 100 தருகிறார்கள், அதுவும் இன்னும் சில ஆயிரம் டாலரை அவர்களிடம் கொடுத்தால்.

வங்கியில் கார்டு பரிவர்த்தனையை எதிர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்கு ஏஜென்சி எழுதிய பதிலை வங்கி அனுப்பியது: பயணி பயணம் செய்துவிட்டார், சேவை முழுமையாக வழங்கப்பட்டது. எந்தச் சேவை? டிப்ஸ் கொடுத்தது நான், கப்பலில் கட்டியது நான், இவர்கள் வழங்கியது என்ன என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

சரி, டிப்ஸ் பற்றி விரிவாகச் சொல்கிறேன் என்றேன். எழுத எழுத மறுபடி கோபம் ஏறுவதால் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே கட்டுவதில் தப்பில்லை, ஆனால் கப்பல் கம்பெனியின் தளத்திலோ ஆப்பிலோ உங்கள் புக்கிங் நம்பரைப் போட்டு நேராக அங்கேயே கட்டுங்கள். ஏஜென்ட் மூலமாகத்தான் ஆக வேண்டும் என்றால், மீதிப் பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன்னால், கம்பெனியின் பெயரில் வருகிற கன்ஃபர்மேஷனில் டிப்ஸ் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்சியின் இன்வாய்ஸ் எதற்கும் உதவாது. ஏறின பிறகு தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எல்லாக் கப்பலிலும் தனி டிப்ஸ் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சொகுசுக் கப்பல்கள் பலவற்றில் அது டிக்கெட்டிலேயே அடக்கம், பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019-லேயே தினசரி டிப்ஸை எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட கப்பலுக்கு யாராவது டிப்ஸ் முன்பணம் கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும் ஆள் யாரென்று.

பாரில் பில் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், கீழே கூடுதல் டிப்ஸ் என்று ஒரு காலி வரியும் இருக்கும். பழக்கதோஷத்தில் அதிலும் ஒரு தொகை எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். ஸ்பாவிலும் இதே கதைதான். டிரிங்க்ஸ் பேக்கேஜ் இலவசம் என்று கொடுத்தாலும் அதற்கான டிப்ஸ் தனியாக வரலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

தினசரித் தொகை கப்பலுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். கரையில் கூட்டிப்போகிற கைடு, பஸ் டிரைவர், துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர் இவர்களெல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அவர்களுக்கு வேலை முடிந்ததும் கையில் கொடுங்கள், ஒரு டாலர், ஐந்து டாலர் என்று சில்லறை நோட்டாக முதலிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரூம் சர்வீஸ் கொண்டு வருகிறவருக்கும் ஒன்றிரண்டு டாலர். சீருடையில் பட்டை வைத்த அதிகாரிகளுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்களும் வாங்கமாட்டார்கள். ஸ்டீவர்டுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால் கடைசி இரவே கொடுத்துவிடுங்கள், இறங்குகிற காலையில் அவர் அடுத்த கூட்டத்துக்காகக் கேபின் கேபினாக ஓடிக்கொண்டிருப்பார், பிடிக்க முடியாது.

கடைசி நாள் பில்லை இறங்குவதற்கு முந்தின மாலையே பார்த்துவிடுங்கள். காலையில் கவுண்டரில் வரிசை வால் தெரியாமல் நிற்கும். அந்த முழுக் கணக்கை, வரி வரியாக இருக்கிறதை, டவுன்லோட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி என்னிடம் இப்போது கேட்டிருப்பது அதைத்தான், கூடவே முன்பணம் எதுவும் வரவில்லை என்று கப்பல் கம்பெனியிடமிருந்து எழுத்தில் ஒரு மெயில். அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். வந்த பதில்: உங்கள் ஏஜென்டைத் தொடர்புகொள்ளவும்.