பேக்பைப்பின் முதல் மெட்டுகளுக்கு ஒரு பயிற்சிக் குழல்

பேக்பைப் கற்க விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது பையும், ஒரே ஸ்வரத்தை இடைவிடாமல் ஒலிக்கும் மூன்று ஒத்துக் குழல்களும் கொண்ட முழு வாத்தியம் அன்று. 'பிராக்டிஸ் சாண்டர்' எனப்படும் பயிற்சிக் குழலே ஆகும். திருநெல்வேலிக் கடைகளில் தேடிக் கிடைக்காததால், நீள வகைப் பிளாஸ்டிக் குழல் ஒன்றை ஆரம்பப் பாடப் புத்தகத்துடன் இணையத்தின் வழியே பாளையங்கோட்டைக்கு வரவழைத்தேன். பல மாதப் பழக்கத்திற்குப் பின் சொல்கிறேன்: குழல் மிக நன்று, புத்தகத்தின் பாட வரிசை நன்றாக இல்லை.

இக்குழலின் சீவாளி, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி, மூடிக்குள் மறைந்திருப்பதால் உதடு அதன்மேல் படுவதில்லை. எனவே நாதஸ்வரத்தில் உதட்டாலும் மூச்சாலும் ஸ்வரத்தை அசைத்துக் கமகம் கொண்டுவரும் வித்தைக்கு இங்கே இடமில்லை. நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த நம் பகுதிக் காதுகளுக்கு இது முதலில் ஒரு குறையாகவே தோன்றும். ஆனால் விரல் வேலையில் இந்த வாத்தியம் தரும் அழகு வேறு வகையானது; அதை அறியச் சிறிது பொறுமை வேண்டும். ஒலி மென்மையாக இருப்பது பெரிய நன்மை. முழு பேக்பைப்பின் ஒலி நூறு டெசிபலைத் தாண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் அதை வைத்துக்கொண்டு தினமும் பாடம் படிக்க இயலாது.

குழலில் ஒன்பது ஸ்வரங்களே உண்டு. அடி ஸ்வரத்திற்கு மேலுள்ளதை ஸட்ஜமாகக் கொண்டால், மேல் ஸட்ஜம் வரை அமைவது ஹரிகாம்போஜி ராகம். அடியில் எஞ்சுவது மந்தர ஸ்தாயியின் கைசிகி நிஷாதம். மாயாமாளவகௌளைக்கு உரிய சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் இதில் இல்லாததால், நாம் வழக்கமாகத் தொடங்கும் சரளி வரிசையை அந்த ராகத்தில் வாசிக்க முடியாது. அதே வரிசையை ஹரிகாம்போஜியில் வாசித்துப் பழகினால் விரல்கள் விரைவில் இடம் கண்டுகொள்கின்றன. சுருதி ஏறத்தாழ ஆறரைக் கட்டை. சீவாளியைச் சற்று உள்ளே அழுத்தினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். நான் வாங்கிய குழலில் இவ்வளவு திருத்தமே போதுமானதாக இருந்தது. நண்பர் ஒருவர் வைத்திருந்த மலிவான மரக் குழலிலோ துளைகளே இடம் தவறி இருந்ததால், பஞ்சமம் சேர்ந்தபோது தைவதம் விலகியது. காது பழகாத தொடக்க நிலையில் அத்தகைய குழலைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இனிப் புத்தகத்தைப் பற்றி. விரலமைப்பைக் காட்டிய கையோடு 'ஸ்காட்லாந்து தி பிரேவ்' என்னும் வேகமான அணிவகுப்பு மெட்டுக்குத் தாவிவிடுகிறது. இது மாணவருக்குச் செய்யும் அநீதி. நம் தேவாலயங்களில் பலரும் பாடி அறிந்த 'அமேசிங் கிரேஸ்' மெட்டையே முதலில் வைத்திருக்க வேண்டும். அதன் முதல் அடி ஸ, ம, த, ம, த, ப, ம, ரி, ஸ என்று செல்கிறது. மத்யமத்தை ஆதாரமாகக் கொண்டு கேட்டால் அது மோகனமே. மெட்டு மனத்தில் ஏற்கெனவே இருப்பதால் கவனம் முழுவதையும் விரலுக்குத் தரலாம். தரத்தான் வேண்டும், ஏனெனில் மத்யமத்திலிருந்து தைவதத்திற்குச் செல்லும்போது வலக்கையின் மூன்று விரல்கள் மூட, இடக்கையின் இரண்டு விரல்கள் அதே கணத்தில் திறக்க வேண்டும். ஒரு விரல் முந்தினாலும் இடையில் வேண்டாத ஸ்வரம் ஒன்று தலைகாட்டிவிடும். இந்த ஒரே தாவலை மிக மெதுவாகப் பழகுவதில் செலவிடும் நேரம் பின்னர் எல்லா மெட்டுகளிலும் பலன் தருகிறது.

நாதஸ்வரம் பழகியவர்கள் இன்னொன்றில் விழிப்பாக இருக்க வேண்டும். பயிற்சிக் குழலில் நாவால் துத்துக்காரம் இட்டு ஸ்வரங்களைப் பிரிக்க முடியும். ஆனால் பை வந்தபின் காற்று இடைவிடாமல் ஓடும், நாவுக்கு வேலையே இராது. ஒரே ஸ்வரம் இருமுறை வந்தால், நடுவே ஒரு விரலைக் கணநேரம் தூக்கி மூடும் 'கிரேஸ் நோட்'டால்தான் பிரிக்க வேண்டும். புத்தகம் இதைப் பின்பகுதிக்குத் தள்ளியிருப்பது பெருங்குறை. முதல் மெட்டிலிருந்தே நாவைக் கட்டிவைத்து, இந்த விரலசைவைச் சேர்த்தே பயில வேண்டும்.

பராமரிப்பு எளிது. ஊதி முடித்ததும் இரு பாகங்களையும் கழற்றி உள்ளே தங்கும் ஈரத்தைத் துடைத்துச் சீவாளியை உலரவிட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் வீசும் வறண்ட காற்றில் இணைப்பில் சுற்றிய நூல் தளர்ந்து காற்றுக் கசியலாம். மெழுகு தடவிய நூலை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும்.

இப்பகுதியில் பேக்பைப் ஆசிரியர் அமைவது அரிது. அருகில் நாதஸ்வர வித்வான் இருந்தால் சுருதியைச் சரிபார்த்துத் தருவார்; கிரேஸ் நோட்டுகளுக்குக் காணொளிப் பாடங்களே துணை. குழலை மட்டும் தனியே தரும் விற்பனையாளர் கிடைத்தால், புத்தகத்திற்குரிய பணத்தை மாற்றுச் சீவாளி ஒன்றுக்குச் செலவிடுங்கள்.