பழைய நிக்கான் டி90: என் முதல் கேமரா

பதினைந்தாயிரம் ரூபாய்தான் கையில் இருந்தது. அதற்குள் 14,500-க்கு ஒரு நிக்கான் டி90, கூடவே 50 மி.மீ. எஃப்1.8டி லென்ஸ் கிடைத்தது. 2008-இல் வந்த மாடல், 12.3 மெகாபிக்சல்தான். ஆனாலும் இதைத்தான் தேடினேன். விலை குறைந்த டி3000 வரிசை நிக்கான் கேமராக்களின் உடலில், லென்ஸைத் திருகிப் படத்தைத் தெளிவாக்கும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. என்னுடையதைப் போல பெயரில் 'டி' வரும் பழைய லென்ஸ்களை அவற்றில் கையால்தான் திருக வேண்டும். டி90-இல் மோட்டார் உண்டு. கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் சட்டென்று பிடித்துவிடும்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் போன கடையில் லென்ஸ் பளபளவென்று இருந்தது. செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். பூஞ்சை! கடைக்காரர் "துடைச்சா போயிடும் தம்பி" என்றார். அது கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது, துணியால் எப்படிப் போகும்? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் ஷட்டர் கணக்கு, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது. ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பின் எக்ஸிஃப் தகவலில் (படத்தோடு கேமரா பதிந்து வைக்கும் விவரங்கள்) பாருங்கள். என்னுடையது 38,000, நிக்கான் சோதித்துச் சொல்லும் அளவு ஒரு லட்சம். மெனுவில் பேட்டரியின் வயதும் 0 (புதியது) முதல் 4 (தேய்ந்தது) வரை தெரியும். எனக்கு 3 காட்டியது, அதைச் சொல்லி ஐந்நூறு ரூபாய் குறைத்தேன்.

இரவில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 1600-ஐத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகிறது. பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டி பூத்தொடுக்கும் விரல்களை எடுத்தேன். நகக்கண்ணில் இருந்த மஞ்சள் கறைகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.