பயாப்ஸி ஸ்லைடு: நுண்ணோக்கியில் பார்ப்பதா, திரையில் பார்ப்பதா?

பயாப்ஸிக்கு எடுத்த திசுவை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றி ஸ்லைடாக்கும் வேலை இரண்டு முறைக்கும் பொது. ஸ்லைடை ஸ்கேன் செய்து திரையில் பார்க்கும் டிஜிட்டல் முறைக்கு மாறினால் இந்த உழைப்பு மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஸ்கேன் செய்வது கூடுதல் வேலைதான்.

பிறகு ஏன் மாற வேண்டும்? இரண்டாவது கருத்துக்காக. கண்ணாடி ஸ்லைடைப் பொட்டலம் கட்டிக் கூரியரில் அனுப்பினால் வழியில் உடையலாம், தொலையலாம். ஸ்கேன் செய்த படத்தையோ வேறு ஊரில் இருக்கும் நிபுணர் அன்றே திறந்து பார்த்துவிடுவார். புற்றுநோயா இல்லையா என்று தெரியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வசதியே போதும் என்பேன். பழைய பயாப்ஸியையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் முடியும்.

ஆனால் ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்கள் ஸ்லைடில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். ஃபோகஸ் திருகை முன்னும் பின்னும் அசைத்து ஆழம் பார்க்கும் கைக்கு, ஒரே ஆழத்தில் (ஒரே தளத்தில்) ஃபோகஸ் வைத்து எடுத்த ஸ்கேன் ஈடாகாது. பல தளங்களில் எடுக்கலாம், ஆனால் கோப்பு ஊதிப் பெருத்துவிடும். ஒரு தளமே ஒரு ஜிபியைத் தாண்டுவதுண்டு.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே பிலிப்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனர் அமைப்பை முதன்மை நோயறிதலுக்கு, அதாவது திரையில் பார்த்தே நோயை முடிவுசெய்வதற்கு, அனுமதித்துவிட்டது. பல கிளைகள் உள்ள மருத்துவமனைகள் இனியும் தயங்க வேண்டியதில்லை. சிறு ஆய்வகங்கள் நல்ல நுண்ணோக்கியையே வைத்துக்கொண்டு, சிக்கலான ஸ்லைடுகளை மட்டும் ஸ்கேனர் உள்ள மையத்துக்கு அனுப்பலாம்.