ஆப்பிள் உலர்த்த எது சரி: மொட்டைமாடியா, ஓவனா, டிஹைட்ரேட்டரா?

ஸ்ரீநகரில் அக்டோபர் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 23 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். சென்னையில் அதே மாதம் 32 டிகிரி. ஆனால் ஆப்பிளை நறுக்கி வெளியே வைத்தால் காஷ்மீரில் அது காய்ந்து வற்றலாகும். சென்னையில் புளித்த வாடை வந்து, அப்புறம் பூசணம் பூக்கும். காற்றில் இருக்கும் ஈரம்தான் இந்த வித்தியாசத்தைச் செய்கிறது. காஷ்மீரில் இலையுதிர் காலம் மழை குறைந்த பருவம். அந்த வறண்ட காற்றை நம்பித்தான் அங்கே குளிர்காலத்துக்காகச் சுரைக்காய், கத்திரிக்காய், தக்காளியோடு ஆப்பிளையும் காயவைத்து எடுத்துவைக்கிறார்கள். அதே ஆப்பிள் லாரி ஏறி நம் ஊர்ச் சந்தைக்கு வந்து விலை இறங்கும் நேரத்தில், இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும்.

ஆகவே எந்த முறை நல்லது என்று யார் கேட்டாலும், எத்தனை டிகிரி சூடு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். துண்டைச் சுற்றி வறண்ட காற்று ஓயாமல் ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ வாங்கித் தோலும் நடுப்பகுதியும் போக 800 கிராம் துண்டு தேறினால், அதில் கெட்டியான பொருள் 120 கிராம்தான். நன்றாகக் காய்ந்த பழத்தில் 20 சதவீதம் வரை ஈரம் மிஞ்சலாம் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் கைக்கு வருவது 150 கிராம். மீதி 650 கிராமும் தண்ணீராக வெளியேற வேண்டும். அதுவும் ஈஸ்ட்டும் பூஞ்சையும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால்.

மொட்டைமாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். செலவே இல்லாத வழி, நமக்குக் கைவந்த வழி. ஆனால் சுண்டைக்காய் வற்றலையும் மோர்மிளகாயையும் பழக்கிய கை என்பதாலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. அவற்றில் உப்பு இருக்கிறது. நாலு நாள் இழுத்தாலும், நடுவில் ஒருநாள் மேகம் போட்டாலும், உப்பு அவற்றைக் காப்பாற்றிவிடும். ஆப்பிளுக்குத் துணை அதன் புளிப்பும் சர்க்கரையும் மட்டுமே. வெயிலில் பழம் காயவைக்கப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு இதுதான்: குறைந்தது 30 டிகிரி வெப்பம், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே. முதலாவது நம்மிடம் தாராளமாக உண்டு. இரண்டாவதுதான் ஊருக்கு ஊர் மாறும்.

திருச்சி, கரூர், மதுரை, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடி மாதம் ஒரு வரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு வீசுகிறது. இமாச்சல் ஆப்பிளின் முதல் வரத்தும் ஜூலை கடைசி, ஆகஸ்ட் வாக்கில்தான். பழமும் காற்றும் ஒன்றாகக் கூடிவருகிற அந்தச் சில வாரங்களில் உள்மாவட்டத்துக்காரர்கள் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது என் திடமான கருத்து. புழுதிக்கு மட்டும் வழி பார்க்க வேண்டும்.

கடலோரக் கதை வேறு. மே மாதச் சென்னையில் காலையில் நன்றாகக் காய்கிறது; மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் காய்வது மந்தமாகிவிடுகிறது. தவிர, மே மாதம் கிடைப்பது குளிர்பதனக் கிடங்கில் இருந்த பழம், அல்லது நியூசிலாந்து, சிலி பழம். இரண்டுமே விலை கூடியவை. உங்கள் மாடி தோதுப்படுமா என்று தெரிய ஈரமானி வேண்டாம். காலை ஒன்பது மணிக்குப் பிழிந்து உதறிப் போட்ட தடித்த டவல் பிற்பகலில் மொறமொறவென்று இருந்தால் ஆப்பிளும் காயும். தொட்டால் சில்லென்று இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

வெயில் முறைக்குப் போகிறவர்கள் வேட்டியில் நேராகப் பரப்ப வேண்டாம். சர்க்கரை கசிந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும், அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும். எவர்சில்வர் வலையையோ மூங்கில் தட்டையோ நாலு செங்கல் மேல் தூக்கிவைத்தால் காற்று கீழேயும் போகும். மேலே கொசுவலை கட்டாயம். ஈ மொய்த்த பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வராது. செங்கலுக்குப் பதில் மேசைமேல் வைப்பதானால், அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு இரவில் திரும்பி வந்துவிடும். எல்லாம் கூடிவந்தால் இரண்டு மூன்று நாளில் வேலை முடியும். நிறம் கொஞ்சம் கறுக்கும், வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். ஆனால் அந்த ஆழ்ந்த, வெல்லம் கலந்த மாதிரியான மணம் வேறெந்த முறையிலும் வருவதில்லை. பாயசத்தில் போடுவதற்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

இனி, பலரும் முதலில் கை வைக்கிற ஓவன். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, ஏன் இன்னொரு கருவி என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் ஆப்பிளுக்கு ஏற்ற வெப்பம் 60 டிகிரி. நம் வீடுகளில் இருக்கிற ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின் ஓவன்) பலவற்றில் திருகு 100-இல்தான் தொடங்குகிறது. அங்கேதான் சிக்கல். சூடு கூடினால் வேகமாகக் காயும் என்று தோன்றும். உண்மையில் வெளிப்புறம் முந்திக் காய்ந்து இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போக வழியில்லாமல் அடைத்துவிடும். அப்படிப்பட்ட துண்டை எடுத்து நடுவில் கிழித்துப் பார்த்தால், இரண்டு பழுப்புப் பொருக்குக்கு நடுவே வெள்ளையாக ஒரு ஈரக் கோடு தெரியும். மேலே தொட்டால் சலசலவென்று இருக்கும். டப்பாவில் போட்டால் அந்தக் கோட்டிலிருந்துதான் பூசணம் கிளம்பும்.

உங்கள் ஓவன் 60 டிகிரிக்கு இறங்குமானால், உள்ளே விசிறியும் இருக்குமானால், தாராளமாகப் பயன்படுத்தலாம். கதவை மரக்கரண்டி கொடுத்துச் சில அங்குலம் திறந்தே வையுங்கள், ஆவி வெளியேறட்டும். கதவருகே ஒரு மேசை விசிறி வைத்தால் இன்னும் நல்லது. சின்னப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இந்த ஏற்பாடு வேண்டாம். நேரம், உலர்த்துவதற்கென்றே இருக்கிற கருவியான டிஹைட்ரேட்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். கதவு திறந்தே இருப்பதால் சூடேற்றும் கம்பி அடிக்கடி ஓடி மின்சாரச் செலவும் கூடும். எப்போதோ ஒருமுறை ஒரு கிலோ போடுகிறவர்களுக்குச் சரி. வாராவாரம் போடுகிறவர்களுக்குக் கட்டுபடியாகாது.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவை (சூடான காற்றும் வீசுகிற வகை) விட்டுவிடலாம். பல மாடல்களில் 40 டிகிரிக்கு அப்புறம் நேராக 100தான், கதவைத் திறந்தால் இயக்கமே நின்றுவிடும். வெறும் மைக்ரோவேவ் கறிவேப்பிலை, புதினா காயவைக்க நன்றாக உதவும். ஆப்பிளை அது உலர்த்துவதில்லை, வேகவைக்கிறது.

ஏர் ஃப்ரையரில் காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை. 60 டிகிரிக்கு இறங்கக்கூடிய மாடலாக இருந்தால் வேலை வேகமாகவே நடக்கும். இடம்தான் போதாது. ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கினால் கூடையில் ஒன்று, ஒன்றரை ஆப்பிளுக்கு மேல் கொள்ளாது. பாதி காய்ந்து எடை குறைந்த துண்டுகள் காற்றில் எழும்பி மேலே கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கம்பித்தட்டை மேலே கவிழ்த்து வைத்தாக வேண்டும். இலவங்கப்பட்டைத் தூள் தூவி ஒரு தட்டு மொறுமொறு சீவல் செய்ய இது போதும். சேமிப்புக்கு என்று நினைத்தால் நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

டிஹைட்ரேட்டரில் இருப்பது ஒரு சின்னச் சூடேற்றி, ஒரு விசிறி, வலைத் தட்டுகள். அவ்வளவுதான். ஆனால் ஆப்பிளுக்குத் தேவையானதும் அவ்வளவுதான். 60 டிகிரியில் விடாமல் காற்று ஓடினால், துண்டின் கனத்தையும் ஊரின் ஈரப்பதத்தையும் பொறுத்து 6 முதல் 12 மணி நேரத்தில் காய்ந்துவிடும். 400 வாட் கருவி 8 மணி நேரம் ஓடினாலும் 3.2 யூனிட்டைத் தாண்டாது. மழை கொட்டுகிற நவம்பரில், சென்னையிலோ கடலூரிலோ, இதைப் போல நம்பகமான வேறொரு வழி எனக்குத் தெரியாது. கடலோரத்தில் இருந்துகொண்டு பருவத்துக்குப் பருவம் பழம் உலர்த்த ஆசைப்படுகிறவர்கள் யோசிக்காமல் இதற்குக் காசு போடலாம்.

வாங்கும்போது விசிறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வட்டத் தட்டுகளை அடுக்கும் வகையில் விசிறி பெரும்பாலும் அடியிலோ மேலேயோ இருக்கும். விலை குறைவு, இடமும் அடைக்காது. ஆனால் விசிறிக்குப் பக்கத்துத் தட்டு முதலில் காயும், தள்ளி இருப்பது பின்தங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். பெட்டி வகையில் விசிறி முதுகுப் பக்கம் இருப்பதால் எல்லாத் தட்டுக்கும் ஏறக்குறைய சமமாகக் காற்று போகும், தட்டுகளை உருவியும் எடுக்கலாம். விலை கூடுதல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வட்டத் தட்டு வகையே போதும் என்பேன். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இல்லாத மலிவு வகையை மட்டும் வாங்காதீர்கள்.

கனடாவிலும் நார்வேயிலும் இருக்கிற நம்மவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒன்டாரியோவில் செப்டம்பரில் தோட்டத்துக்கே போய்ப் பறித்துவருகிற ஆப்பிள் குளிர் தொடங்கும்வரை கெடாமல் இருக்கும். ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்குள் காற்று உதடு வெடிக்கிற அளவுக்கு வறண்டுபோகும். அந்தக் காற்றில் வளையங்களாக நறுக்கி நூலில் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட்டால் சில நாளில் காய்ந்துவிடும். குளிர்நாடுகளில் அடுப்புக்கு மேலே ஆப்பிள் வளையங்களைத் தொங்கவிடும் பழக்கம் பழையது. இதே நூலைத் தமிழ்நாட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கட்டினால் பழம் வீண்.

எந்த முறையானாலும் நறுக்குவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 5 மில்லிமீட்டர் கனம் அளவானது, எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பது அதைவிட முக்கியம். சிப்ஸ் சீவுகிற பலகை இதற்குக் கத்தியைவிட மேல். தோலோடு காயவைத்தால் ஓரம் தோல்வார் போல இறுகிவிடும். பல் பலவீனமானவர்கள் வீட்டில் சீவிவிடுங்கள். நறுக்கியதும் கறுப்பது நொதியின் வேலை. வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. இதற்கு எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் சில நிமிடம் போட்டு எடுத்து ஒற்றிவிட்டால் போதும். அதிக நேரம் ஊறினால் தண்ணீரைக் குடித்து, காய்கிற நேரத்தைக் கூட்டும். கடையில் விற்கிற வளையங்கள் வெள்ளை வெளேரென்று இருப்பதற்குப் பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடு காரணம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவைத்தவையும் உண்டு. வீட்டில் உலர்த்த இவ்வளவு மெனக்கெடுவது சரி என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பழ வகையில், நன்கு பழுத்து மாவாகிப்போன டெலிஷியஸ் வகை ஆப்பிள் துண்டு காய்ந்ததும் பஞ்சாகிவிடும். அழுத்தினால் கெட்டியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை கிரானி ஸ்மித் புளிப்பும் இனிப்பும் கூடி அருமையாக வரும், விலைதான் இடிக்கும்.

காய்ந்ததா என்பதைச் சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள். சூட்டில் எல்லாமே இளகித் தெரியும். ஆறவிட்டு, கிழித்து, கிழிந்த இடத்தை அழுத்துங்கள். ஈரம் துளிர்க்கக் கூடாது, மடித்தால் ஒட்டக் கூடாது. பிறகு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, ஒரு வாரம் பத்து நாள் தினமும் குலுக்குங்கள். அதற்குள் மிஞ்சிய ஈரம் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவிவிடும். கண்ணாடியில் வியர்த்தால் மறுபடி காயவைக்க வேண்டும். மாடியில் காய்ந்ததை, பாட்டிலில் போடுவதற்கு முன் உறைபெட்டியில் -18 டிகிரியில் 48 மணி நேரம் வைத்துவிடுங்கள், பூச்சி முட்டை இருந்தால் சாகும். 27 டிகிரி இருக்கிற அலமாரியில் ஆறு மாதம் தாங்கும் என்று கணக்கு. நம் சமையலறை அதைவிடச் சூடு என்பதால், இரண்டு மாதத்துக்கு மேல் வைப்பதாக இருந்தால் குளிர்பெட்டிதான் சரி. ஒரே பெரிய பாட்டிலாக இல்லாமல் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள். மழைக்காலத்தில் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஈரக்காற்று போகிறது.