புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எந்தச் சோதனை? ரத்த பி.எஸ்.ஏ.யும் சிறுநீர்ச் சோதனைகளும்

புராஸ்டேட் வீக்கத்துக்கான டியூட்டாஸ்டரைடு மாத்திரையை ஓராண்டாகச் சாப்பிட்டு வரும் ஒருவருக்கு, புராஸ்டேட் சுரக்கும் புரதமான பி.எஸ்.ஏ. ரத்தத்தில் 3 என்று வருகிறது. ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே ‘0 முதல் 4 வரை இயல்பு’ என்று அச்சாகியிருக்கும். அவரும் நிம்மதியாக அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஆனால் அந்த 3-ஐ 6 என்றுதான் படிக்க வேண்டும்.

டியூட்டாஸ்டரைடும் ஃபினாஸ்டரைடும் டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டி.எச்.டி.யாக மாற்றும் நொதியைத் தடுப்பவை. வீங்கிய புராஸ்டேட் சுரப்பி ஏறக்குறைய கால் பங்கு சுருங்கும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ. பாதியாகிவிடும். டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை தசையைத் தளர்த்துவதோடு சரி, பி.எஸ்.ஏ.யைத் தொடுவதில்லை. இந்தியாவில் இந்த இரண்டு வகையும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து விற்கப்படுகின்றன: டாம்சுலோசின் 0.4 மி.கி., டியூட்டாஸ்டரைடு 0.5 மி.கி. ‘யூரின் ஃப்ரீயா போக டாக்டர் கொடுத்தது’ என்று மட்டும் தெரிந்தவருக்குத் தன் பி.எஸ்.ஏ. பாதியாகியிருப்பது எப்படித் தெரியும்? முடி கொட்டாமலிருக்க எடுக்கும் 1 மி.கி. ஃபினாஸ்டரைடுக்கும் இதே குணம் உண்டு. தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை யூராலஜிஸ்டிடம் சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

மாத்திரை ரத்தச் சோதனையைக் குழப்புகிறது, அதனால் சிறுநீரில் பார்த்தால் தெளிவாகத் தெரியுமே என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. சிறுநீர்ச் சோதனைகள் பல வந்துவிட்டன. ஆனால் அவை ஒரே வேலைக்கானவை அல்ல. ஒரு கூட்டம் புராஸ்டேட்டில் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறது. இன்னொரு கூட்டம் அடைப்பால் சிறுநீர்ப்பை எவ்வளவு கெட்டிருக்கிறது, மருந்தில் தேறுகிறதா என்று பார்க்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘எது சிறந்தது’ என்று கேட்டால் பதிலே வராது. தனித்தனியாகப் பார்ப்போம்.

புற்றுநோயைத் தேடும் சோதனைகள்

முதல் போட்டியாளர் பழைய பி.எஸ்.ஏ.தான். மாத்திரை சாப்பிடுபவருக்கு அதை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து சாப்பிட்டவருக்கு இரண்டரையால் பெருக்குவது சரியாக வரும் என்று 18,882 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஃபினாஸ்டரைடு தடுப்பு ஆய்வின் தரவுகள் காட்டின. பெருக்கலைவிட எளிய வழியும் இருக்கிறது. மாத்திரை தொடங்கி ஆறு மாதம் கழித்து ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து, அதைப் புதிய அடிமட்டமாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து எண் மேலே ஏறினால், மீண்டும் ஒருமுறை எடுத்து உறுதி செய்தபின், அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எண் 4-க்குள் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்ட 80,875 பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறியதிலிருந்து நோய் உறுதியாகும்வரை நடுவளவாக 1.4 ஆண்டு ஆனது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, பெருக்கித் திருத்திய அளவை வைத்துப் பார்த்தால், 3.6 ஆண்டு. பன்னிரண்டு ஆண்டில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மாத்திரை சாப்பிடாதவர்களில் 8 சதவீதம், சாப்பிட்டவர்களில் 13 சதவீதம். பி.எஸ்.ஏ. தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது, அதைப் பெருக்கிப் படிக்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது போட்டியாளர் பி.சி.ஏ.3. புரதம் எதையும் உண்டாக்காத ஓர் ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) இது. புற்றுநோய்ச் செல்களில் அது மிகையாக இருப்பதை 1999-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தச் சோதனையை அனுமதித்தது. மருத்துவர் ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் புராஸ்டேட்டை இரு பக்கமும் அழுத்தித் தடவிவிட்டபின் வரும் முதல் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். தடவினால்தான் போதிய செல்கள் இறங்கும். வீட்டில் குப்பியில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் சமாச்சாரம் இல்லை இது.

இதன் பலம் என்ன? பி.சி.ஏ.3 ஆர்.என்.ஏ.வை அதே சிறுநீரிலுள்ள பி.எஸ்.ஏ. ஆர்.என்.ஏ.வால் வகுத்து வரும் விகிதம்தான் மதிப்பெண். அதனால் சுரப்பி பெரிதாக வீங்கியிருந்தாலும் எண் ஏறுவதில்லை. வீக்கமுள்ளவர்களுக்கு பி.எஸ்.ஏ. போடும் பெரிய கூச்சலே அந்த வீக்கத்தால்தான் என்பதால் இது நல்ல குணம். டியூட்டாஸ்டரைடை வைத்து நடந்த ‘ரெட்யூஸ்’ ஆய்வில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் இதைப் பார்த்தார்கள். மதிப்பெண் ஏற ஏற, ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் புற்றுநோய் அகப்படும் விகிதமும் ஏறியது. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடிச் சான்று வைத்திருக்கிறது என்பதால் சிறுநீர்ச் சோதனைகளில் நான் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பலவீனமும் சின்னதல்ல. ஐம்பது வயது தாண்டி, ஏற்கெனவே ஒருமுறை பயாப்ஸி செய்து ஒன்றுமில்லை என்று வந்தவருக்கு மறுபடி செய்யலாமா என்று முடிவெடுக்கத்தான் எஃப்.டி.ஏ. அனுமதி. மதிப்பெண் 25-க்குக் கீழே என்றால் பயாப்ஸியில் புற்றுநோய் அகப்படும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். அகப்படும் நோய் வேகமாகப் பரவும் ரகமா, சாகும்வரை தொந்தரவு தராமல் கிடக்கும் ரகமா என்று பிரித்துச் சொல்வதில் அது தடுமாறுகிறது. எழுபது வயதுக்காரருக்கு அதுதானே முக்கியமான கேள்வி?

அந்தக் கேள்வியைக் குறிவைத்துப் பிறகு வந்தவை செலக்ட்எம்.டி.எக்ஸ்., எக்ஸோடி.எக்ஸ்., மைபுராஸ்டேட்ஸ்கோர். முதலாவது ஹெச்.ஓ.எக்ஸ்.சி.6, டி.எல்.எக்ஸ்.1 என்ற இரு மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வைப் பார்க்கிறது. அதற்கும் விரல் சோதனை முன்னால் நடந்திருக்க வேண்டும். எக்ஸோடி.எக்ஸ்.க்கு அந்தச் சங்கடம் கிடையாது. செல்கள் வெளியே தள்ளும் நுண்பைகளிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுப்பதால் சாதாரணமாகப் பிடித்த சிறுநீரே போதும். மைபுராஸ்டேட்ஸ்கோரின் வேர், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்த டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2–இ.ஆர்.ஜி. என்ற, இரு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு உருவான ஒட்டு மரபணு. ஐரோப்பிய வம்சாவளியினரின் புராஸ்டேட் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இது இருக்கிறது, கிழக்காசிய ஆண்களிடம் அந்த அளவு இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஒட்டின் முன்பாதி ஆண் ஹார்மோனின் கட்டளைக்கு ஆடும் மரபணு. அந்த ஹார்மோனின் வீரியத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே இந்தச் சோதனை செய்தால் எண்ணை அப்படியே நம்பலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

இவை எல்லாவற்றுக்கும் உண்மையான எதிரி சிறுநீரில் இல்லை. அது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். 2018-இல் வந்த ‘பிரிசிஷன்’ ஆய்வில் 500 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எம்.ஆர்.ஐ. முதலில் எடுத்த பிரிவில் 28 சதவீதம் பேருக்கு பயாப்ஸியே தேவைப்படவில்லை. இருந்தும் கவலைப்பட வேண்டிய புற்றுநோய் அந்தப் பிரிவில் 38 சதவீதம் பேரிடமும், நேராக பயாப்ஸிக்குப் போன பிரிவில் 26 சதவீதம் பேரிடமும் அகப்பட்டது. மதுரையிலும் கோவையிலும் எடுக்க முடிகிற ஸ்கேன் இது. பி.எஸ்.ஏ. அடிமட்டத்திலிருந்து ஏறியவர் சிறுநீர் மாதிரியை எங்கோ அனுப்பிக் காத்திருப்பதற்குப் பதில் இதற்குப் போவதுதான் என் தேர்வு.

சிறுநீர்ப்பையின் நிலையைச் சொல்பவை

‘மாத்திரை வேலை செய்கிறதா?’ என்பது நோயாளி தினமும் கேட்கும் கேள்வி. புராஸ்டேட் வழியை நெருக்கும்போது சிறுநீர்ப்பை முக்கித் தள்ளித் தள்ளித் தடித்துவிடும். அப்போது அதன் தசை என்.ஜி.எஃப். எனும் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகச் சுரக்கிறது என்று 1991-லேயே எலிகளிலும் வீக்கமுள்ள ஆண்களின் திசுவிலும் காட்டினார்கள். அதனால் நரம்புகள் முறுக்கேறுகின்றன. கொஞ்சம் நிறைந்தாலே அவசரம், அடக்க முடியாமை எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

தைவானில் 2008-இல் வந்த ஆய்வு இதைச் சிறுநீரில் தேடியது. அடைப்பு மட்டும் இருந்து அவசரத் தொல்லை இல்லாதவர்களிடம் என்.ஜி.எஃப். குறைவாகவே இருந்தது. அடைப்போடு அவசரமும் சேர்ந்தவர்களிடம் அதிகம். மருந்தில் தேறியவர்களிடம் அது இறங்கியது. படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. குழாய் செருகாமல் ஒரு குப்பிச் சிறுநீரில் சிறுநீர்ப்பையின் மனநிலை தெரிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இதே வரிசையில் பி.டி.என்.எஃப்., புராஸ்டாகிளாண்டின் இ2, ஏ.டி.பி. ஆகிய வேறு பொருள்களையும் சிறுநீரில் அளந்து பார்த்தார்கள்.

ஆனால் சிறுநீர்த் தொற்று இருந்தாலும் என்.ஜி.எஃப். ஏறும். சிறுநீர்ப்பை வலி நோயிலும் ஏறும். அதாவது பை எரிச்சலில் இருக்கிறது என்று சொல்லும், காரணம் புராஸ்டேட்தான் என்று சொல்லாது. இன்னும் பெரிய அடி 2017-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் வழக்கமான எலைசா முறை சிறுநீரில் உண்மையில் என்.ஜி.எஃப்.ஐத்தான் அளக்கிறதா என்றே அங்குள்ள ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அளவுகோலே ஆடும்போது அதை வைத்து மருந்தை மாற்றுவது எப்படி?

எதிரணியில் நிற்பவை சாதாரணமானவை. அறிகுறிகளைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்கும் ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண்: 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. சிறுநீர்த் தாரையின் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோமெட்ரி: நொடிக்கு 10 மி.லி.க்குக் கீழே தாரை இருந்தால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம், ஆனால் 150 மி.லி.யாவது போயிருக்க வேண்டும். பாதிப் பையோடு வந்து ‘தாரை மெலிந்துவிட்டது’ என்று ரிப்போர்ட் வாங்கிப் போவது வீண் பயம். சிறுநீர் போனபின் பையில் தங்கும் மிச்சத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. குழாய் செருகி அழுத்தம் அளக்கும் யூரோடைனமிக்ஸ்தான் அடைப்பை உறுதியாகச் சொல்வது. ஆனால் அதையும் எல்லோருக்கும் செய்யத் தேவையில்லை என்று இங்கிலாந்தின் 26 மருத்துவமனைகளில் 820 ஆண்களிடம் நடந்த ‘அப்ஸ்ட்ரீம்’ ஆய்வு 2020-இல் காட்டியது. அதைச் செய்த பிரிவில் 38 சதவீதம் பேர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள், செய்யாத பிரிவில் 36 சதவீதம். அறிகுறிகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பணமே செலவாகாத ஒன்று இந்தப் பட்டியலில் எல்லாரையும் முந்துகிறது. மூன்று நாள், அளவுக் குவளையில் பிடித்து, நேரமும் மி.லி.யும் எழுதும் குறிப்பேடு. இரவில் நான்கு முறை எழுகிறவர் புராஸ்டேட் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பார். குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தால் நாள் முழுக்கப் போகும் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போவது தெரியும். அது சிறுநீர் இரவில் அதிகமாக உற்பத்தியாகும் கோளாறு. கால் வீக்கம், இதயம், தூக்கத்தில் மூச்சு அடைபடுதல், மாலையில் குடிக்கும் தண்ணீர் என்று வேறு பக்கம் தேட வேண்டும். என்.ஜி.எஃப். எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இதைச் சொல்லப் போவதில்லை.

சாதாரண ‘யூரின் ரொட்டீன்’ சோதனையையும் ஒதுக்க வேண்டாம். தொற்று, சர்க்கரை, ரத்தம் மூன்றையும் காட்டிவிடும். ரத்தம் தெரிந்தால் ‘புராஸ்டேட் வீக்கம்தானே’ என்று விடாமல் சிறுநீர்ப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காசு கொடுத்துச் செய்யலாம் என்று நான் நினைக்கும் ஓர் இடம் இருக்கிறது. டியூட்டாஸ்டரைடு சாப்பிடுபவர், பி.எஸ்.ஏ. அடிமட்டத்திலிருந்து ஏறியிருக்கிறது, எம்.ஆர்.ஐ. அப்படியும் இப்படியுமாக வந்திருக்கிறது, ஏற்கெனவே ஒரு பயாப்ஸி சுத்தமாக வந்தது. இன்னொரு ஊசிக்கு அவர் தயங்கினால் பி.சி.ஏ.3 அந்தத் தயக்கத்தைத் தீர்க்க உதவும். அதற்காக மாத்திரையை நான்கு நாள் நிறுத்திவிட்டுப் போவதில் பொருளில்லை. டியூட்டாஸ்டரைடு உடலில் பாதியாகக் குறையவே ஐந்து வாரம் பிடிக்கும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடமும் லேப்பிலும் காட்டுங்கள், எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.