எங்கள் வீட்டுப் பாட்டுப் பட்டியல்: ஐந்து ஆண்டு அனுபவம்

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தார். அன்று மாலை தோஹாவிலிருந்து தம்பி ஓர் இணைப்பை அனுப்பினான். திறந்து பார்த்தால் ஒன்பது பாட்டுகள், அத்தனையும் அவர் பாடியவை. "அக்கா, நீயும் சேர்க்கலாம். அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தான். அம்மா மன்னார்குடியில், நான் தாம்பரத்தில், அவன் கடலுக்கு அப்பால். கொரோனா காலம், யாரும் யாரையும் நினைத்தபடி போய்ப் பார்க்க முடியாது. அந்த ஒன்பது பாட்டுகள்தான் இன்று 236 பாட்டுகளாகப் பெருகியிருக்கின்றன.

நாங்கள் பாட்டுக் கேட்கும் செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இடையில் ஒரு முறை வேறொன்றுக்கு மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். கீழே நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இரண்டிலும் இருந்தன. பலர் சேர்ந்து ஒரே பிளேலிஸ்ட்டை நடத்துவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு இது புதுப் பழக்கம் அல்ல. எண்பதுகளின் இறுதியில் எங்கள் கடைத்தெருவில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. வெற்று கேசட்டும் துண்டுச் சீட்டில் எழுதிய பட்டியலும் கொடுத்தால் நான்கைந்து நாளில் பாட்டு ஏற்றித் தருவார்கள். அப்பா எப்போதும் 60 நிமிட கேசட்தான் வாங்குவார். பக்கத்துக்கு முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடத்துக்குள் எதை முதலில் வைப்பது, எதை இறுதியில் வைப்பது என்று இரண்டு மூன்று நாள் சீட்டை அடித்து அடித்து எழுதுவார். "சார், ஏழாவது பாட்டு முழுதாக ஏறாது" என்று கடைக்காரர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஏறுகிற வரைக்கும் ஏறட்டும்" என்று சொல்லிவிட்டார் அப்பா. அந்தப் பாட்டு இரண்டாவது சரணத்தின் மூன்றாம் அடியில் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அதை யார் முணுமுணுத்தாலும் அதே இடத்தில் நிறுத்துவோம்.

2021-இல், அப்பா இல்லாத வீட்டில், இன்ஷூரன்ஸ் பத்திரங்களுக்கு நடுவே அந்தச் சீட்டு கிடைத்தது. ஏ பக்கம் ஏழு, பி பக்கம் ஏழு. நீல மையில் அப்பாவின் சாய்ந்த எழுத்து. ஐந்தாம் எண்ணில் ஒரு பாட்டை அடித்துவிட்டு மேலே வேறொன்றை எழுதியிருந்தார். பதினான்கையும் அதே வரிசையில் பட்டியலில் சேர்த்தேன். அன்று இரவு அம்மா தொலைபேசியில் அழைத்தார். "அங்கே நிறுத்தாமல் மேலே பாடுகிறார்களே" என்றார். அந்தச் சரணத்தின் நான்காம் அடி அவருக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்திருந்தது.

வரிசை முக்கியம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். செயலியோ வரிசையை மதிப்பதே இல்லை. பட்டியலைத் திறந்து பெரிய பொத்தானை அழுத்தினால் பாட்டுகளைக் கலைத்துப் போட்டு எங்கிருந்தோ தொடங்குகிறது. கலைத்துப் போடுவதை நிறுத்தி வைத்தாலும் சில நாட்களில் தானாக மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அம்மாவுக்கு அந்தச் சிறிய குறி கண்ணுக்கே தெரிவதில்லை. அப்பா மூன்று நாள் யோசித்து அடுக்கியதை ஓர் இயந்திரம் ஒரு நொடியில் கலைக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே கோபம் மூட்டுகிறது. ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் இது சரியாகுமா என்று பார்க்கிறேன். ஆகவில்லை.

இதற்கு அடுத்த எரிச்சல், பட்டியல் முடிந்த பிறகு வருவது. கடைசிப் பாட்டுக்குப் பின் அமைதி வேண்டும் என்று நினைத்துத்தான் ஒன்றைக் கடைசியில் வைக்கிறோம். ஒரு தாலாட்டு முடிந்த மறுகணம், "இதுவும் உங்களுக்குப் பிடிக்கும்" என்று எவரோ முழங்கத் தொடங்கினால் தூங்கிய குழந்தையும் எழுந்துவிடும். அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கித் தொடர்ச்சியை நிறுத்திவிடுங்கள். பட்டியல் தொடங்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை இதுதான்.

தேடுவது தனிப் பாடு. பழைய பாட்டுகளின் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் பதிந்திருக்கிறார்கள். ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் 'எல்', மற்றொருவர் 'எல் எச்'. 'மழை' என்று தொடங்கும் ஒரு பாட்டைக் கண்டுபிடிக்க மூன்று முறை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. நெடிலுக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், ஒருவர் ஒன்றோடு நிறுத்துவார். தமிழ் எழுத்தில் தட்டினால் சில நேரம் கிடைக்கிறது, பல நேரம் பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றில் கொண்டுபோய் விடுகிறது. அம்மாவுக்குத் தமிழில் தட்டத்தான் வரும். அவர் கேட்டு நான் தேடித் தருவது என்றுதான் பாதிப் பாட்டுகள் உள்ளே வந்திருக்கின்றன.

பெயர்ப் பதிவிலும் பொறுப்பில்லை. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள். அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவற்றில் ஒருவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நடித்தவர் பெயர் நிற்கிறது. பாட்டு எழுதியவர் பெயர் பல இடங்களில் இல்லவே இல்லை. "யார் எழுதியது?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா எந்தப் பாட்டையும் கேட்பார். அந்தக் கேள்விக்கு இந்தச் செயலியில் பதில் கிடைப்பது அரிது. ஒரு வரி எழுதச் செலவு என்ன ஆகிவிடும்?

பாட்டுகள் காணாமல் போவதையும் சொல்ல வேண்டும். உரிமை ஒப்பந்தம் மாறினால் பாட்டு சாம்பல் நிறமாகிவிடும். பெயர் இருக்கும், தட்டினால் ஒலிக்காது. அப்பாவின் பதினான்கில் மூன்று இப்படிப் போயின. ஒன்று எட்டு மாதம் கழித்துத் திரும்பியது, ஆனால் வேறு தொகுப்பிலிருந்து, வேறு பதிவாக. முன்னிசை குறைந்திருந்தது. சந்தா கட்டுகிறோம் என்பதால் பாட்டு நம்முடையது ஆகிவிடாது. அதனால் இப்போது 236 பாட்டுகளையும் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன்: பாட்டின் முதல் அடி, பாடியவர், சேர்த்தவர், நாள். செயலி நாளைக்கே மூடப்பட்டாலும் பட்டியல் எங்களிடம் இருக்கும்.

இனி, அனுபவத்தில் கற்ற ஒரு நல்ல விஷயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஒரே இயர்போன், இடது எனக்கு, வலது அவருக்கு. அறுபதுகளின் பாட்டுகள் ஓடிய வரையில் இருவரும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டு வந்தோம். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று வந்தது. "இதில் வயலின் எங்கே போயிற்று?" என்று கேட்டார் அம்மா. எனக்கு வயலின்கள் அலை அலையாகக் கேட்டுக்கொண்டிருந்தன. காதுகளை மாற்றிப் போட்டோம். அவருக்கு வயலின் வந்தது, எனக்குப் போய்விட்டது. யோசித்த பிறகுதான் புரிந்தது. பழைய பாட்டுகள் மோனோ, இரண்டு காதுக்கும் ஒன்றே. எழுபதுகளின் இறுதியிலிருந்து பரவிய ஸ்டீரியோவில் ஒரு பக்கம் ஒரு வாத்தியம், மறுபக்கம் இன்னொன்று. கைபேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இரு பக்கமும் கலந்து முழுப் பாட்டும் ஒவ்வொரு காதுக்கும் வந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்காக வைத்த வசதி அது. இயர்போனை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கும் அதனால் புண்ணியம். வடுவூர் வரும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

டேட்டா கணக்கும் சொல்லிவிடுகிறேன். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 320 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய 9.6 எம்பி பிடிக்கும். 160-இல் அதில் பாதி. அம்மாவின் கைபேசியில் இடம் குறைவு என்பதால் 160-இல் இறக்கி வைத்திருக்கிறோம். முழுப் பட்டியலும் ஒரு ஜிபியைச் சற்றே தாண்டுகிறது. பஸ்ஸிலும் சமையலறையிலும் கேட்க இந்தத் தரம் தாராளம். பழைய பாட்டு மெல்லவும் புதுப் பாட்டு உரக்கவும் ஒலிக்கும் தொல்லைக்கு, ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பு ஓரளவு உதவுகிறது. இறக்கி வைத்த பாட்டானாலும் மாதத்துக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைக்காவிட்டால் பூட்டிக்கொள்கிறது என்பதை அம்மா வீட்டு இணையம் பழுதான மாதத்தில் தெரிந்துகொண்டோம்.

பலர் சேர்ந்து நடத்துவதில் ஒரே ஒரு முறை பெரிய விபத்து நடந்தது. தம்பி மகன், ஆறு வயது, தன் அப்பாவின் கைபேசியை எடுத்து விளையாடியதில் பதினொரு பாட்டுகள் அழிந்துவிட்டன. யார் அழித்தது, எது அழிந்தது என்று செயலி எதுவும் சொல்லவில்லை. நோட்டு இருந்ததால் ஒரு மணி நேரத்தில் மீட்டோம். அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம்: ஒருவர் வாரத்துக்கு ஒரு பாட்டு, சேர்த்ததும் ஏன் சேர்த்தோம் என்று குடும்பக் குழுவில் இரண்டு வரி எழுத வேண்டும், மற்றவர் பாட்டை நீக்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்று என்று வந்த பிறகு பாட்டுக்கு மதிப்புக் கூடியது. முன்பெல்லாம் தம்பி ஒரே இரவில் இருபது பாட்டுகளைக் கொட்டுவான், நாங்கள் ஒன்றையும் கேட்டிருக்க மாட்டோம்.

நான் இந்தப் பட்டியலை அதிகம் கேட்பது காலை ரயிலில். தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம், பதினான்கு பாட்டு. அப்பாவின் சீட்டும் பதினான்குதான். அதே பெட்டியில் இயர்போன் போடாமல் கைபேசியில் முப்பது நொடி வீடியோக்களை உரக்க ஓடவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டின் ஒரே ஓர் அடி, திரும்பத் திரும்ப. பல்லாவரத்தில் தொடங்கினால் எழும்பூர் வரை ஓயாது. பாட்டு பிடித்தவர்கள்தான் அவர்களும் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளப் பார்ப்பேன், முடியவில்லை. "தம்பி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கத் தொடங்கிவிட்டேன். பத்தில் எட்டுப் பேர் உடனே நிறுத்திவிடுகிறார்கள், சிலர் மன்னிப்பும் கேட்கிறார்கள். இத்தனை நாள் கேட்காமல் இருந்தது என் தவறு.

ஆடி மாதத்துக் குழாய் ஒலிபெருக்கி இன்னொன்று. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் வகுத்திருக்கின்றன. எங்கள் தெருவில் நாலரை மணிக்கே தொடங்கிவிடுகிறது. பாட்டின் மீது எனக்குப் பகை இல்லை, எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில் அம்மன் பாட்டு கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் குரலைக் குழாயில் கிழித்துக் கேட்க வைப்பதுதான் பொறுக்கவில்லை. விழாக் குழுப் பெரியவரிடம் போய்ப் பேசினேன். இந்த ஆண்டு ஆறு மணிக்குத் தொடங்கினார்கள்.

இத்தனை தொல்லைக்கும் பிறகு இதை ஏன் விடவில்லை என்றால், சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தோஹாவில் இரவு பதினொன்றரை. தம்பி பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கடைசியில் புதிதாக ஒரு பாட்டு முளைத்தது, பி. சுசீலா பாடிய ஒரு தாலாட்டு. சேர்த்தவர் அம்மா. மன்னார்குடியில் அப்போது மணி அதிகாலை இரண்டு. தம்பி உடனே அழைத்தான். அம்மாவுக்கு மாலையிலிருந்தே காய்ச்சல், "தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். உங்களை எதற்கு எழுப்புவது?" என்றார். தம்பி என்னை எழுப்பினான், நான் பக்கத்து வீட்டு அத்தையை எழுப்பினேன், அவர் வெந்நீரும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விடியும்வரை உடன் இருந்தார். சுகமா என்று கேட்டால் எப்போதும் சுகம் என்றே சொல்பவர் அம்மா. அவர் சேர்க்கும் பாட்டை வைத்துத்தான் நாங்கள் அவர் நலம் அறிகிறோம். 2023 பிப்ரவரி 4 அன்று வாணி ஜெயராம் மறைந்தபோது, ஒழுங்கை மீறி ஐந்து பாட்டுகளைச் சேர்த்தார். காரணம் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் சந்தா முடிகிறது. மூவரும் பேசிப் புதுப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டோம். சித்திரையில் தம்பி விடுமுறைக்கு வருகிறான். திருச்சி விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக மன்னார்குடிக்குக் காரில் வரும்போது கேட்பதற்கென்று அம்மா தனியாக ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். ஏ பக்கம் முடிந்துவிட்டது. பி பக்கத்தில் மூன்றாம் எண்ணை இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறார்.