கையிலே யாகியா, கூரையிலே டர்ன்ஸ்டைலா, முற்றத்திலே டிஷ்ஸா?

அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணை, செய்மதி பிடிக்க எந்த அன்ரனா வாங்கலாம்?" வாங்கவே வேண்டாம், கையில் பிடிக்கிற யாகி ஒன்றை, அதாவது நீட்டிய திசையில் மட்டும் கூர்மையாகக் கேட்கும் அன்ரனாவை, நீங்களே செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இதுதான் என் பதில். ஏன் என்று ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தொடங்கியது யாகியில் இல்லை, கூரையில் பூட்டிய டர்ன்ஸ்டைலில்.

வோக்கியோடு வரும் ரப்பர் குச்சியை முதலில் ஒதுக்கிவிடுவோம். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும் இரண்டு மூன்று நிமிடம் அதில் ஏதாவது கேட்கும், அவ்வளவுதான்.

டர்ன்ஸ்டைல் என்றால் இரண்டு டைபோல்களை, அதாவது நடுவில் கேபிள் பூட்டிய கம்பிச் சோடிகளை, குறுக்காகப் பூட்டி, ஒன்றுக்குப் போகும் கேபிளைக் கால் அலைநீளம் கூட்டிவிடுவது. திருப்பத் தேவையில்லை, தன் பாட்டுக்கு நிற்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். விண்வெளி நிலையம் ஓடுவது ஏறக்குறைய 420 கிலோமீற்றர் உயரத்தில். நேர் மேலே நிற்கும்போது எங்களுக்கும் அதற்கும் இடையில் அவ்வளவுதான் தூரம், அடிவானத்தில் எழும்பும்போதோ 2300 கிலோமீற்றருக்கு மேல், அதாவது சிக்னல் முப்பது மடங்கு மெலிந்து வருகிறது. டர்ன்ஸ்டைல் மேலே பார்க்கிற அன்ரனா. சிக்னல் தாராளமாகக் கிடைக்கிற இடத்தில் நன்றாகக் கேட்டு, மெலிந்து வருகிற இடத்தில் காது மந்தமாகிவிடும். விண்வெளி நிலையம் எங்களைக் கடந்துபோகும் தடவைகளில் பெரும்பாலானவை தாழ்வாகத்தான் போகின்றன, அவை எல்லாம் வீண். போதாததற்குச் சோளகம் தொடங்கினால் கம்பம் நாள் முழுக்க ஆடும். என்னுடைய டர்ன்ஸ்டைலின் ஒரு கம்பியைக் குரங்கு தொங்கியே வளைத்துவிட்டது.

ஆளில்லாமல் தானாக ஓட வேண்டிய வேலைக்கு மட்டும் நிலையான அன்ரனாவை நான் ஒத்துக்கொள்வேன். அதற்கும் டர்ன்ஸ்டைல் தேவையில்லை, வி-டைபோல் போதும்: 53 சென்ரிமீற்றர் கம்பி இரண்டு, இடையில் 120 பாகை, தரைக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக வையுங்கள். அமெரிக்க வானிலைச் செய்மதிகள் நோஆ 15, 18, 19 மூன்றும் 2025இல் ஓய்ந்துவிட்டாலும் ரஷ்யாவின் மெற்றியோர் செய்மதிகளின் மேகப் படத்தை 137.9 மெகாஹேர்ட்ஸில் இதிலேயே எடுக்கலாம்.

சரி, யாகிக்கு வருவோம். இரண்டு மீற்றர் அலைக்கு மூன்று உறுப்பு போதும். ஹாட்வெயார் கடையில் ஒரு அங்குல அகல இரும்பு அளவுநாடா ஒன்றும் அரை அங்குலப் பிவிசி குழாயும் வாங்குங்கள். பின் உறுப்பு 105 சென்ரிமீற்றர், நடு உறுப்பு 45 வீதம் இரண்டு துண்டு, முன் உறுப்பு 89. பின்னுக்கும் நடுவுக்கும் 20, நடுவுக்கும் முன்னுக்கும் 32 சென்ரிமீற்றர் இடைவெளி. நடுத் துண்டுகள் இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது, ஒரு அங்குலம் விட்டு, 13 சென்ரிமீற்றர் செப்புக் கம்பியை யூ வடிவில் வளைத்து இரண்டையும் இணைத்து ஈயம் பற்றவையுங்கள். இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள்: நாடாவின் மஞ்சள் பூச்சை மண்தாளால் வெள்ளி தெரியும்வரை உரசினால்தான் ஈயம் ஒட்டும், இல்லையென்றால் முத்துமுத்தாக உருண்டு விழும். எழுபது சென்ரிமீற்றர் அலைக்கான உறுப்புகளை அதே குழாயில் 90 பாகை திருப்பிக் குத்துங்கள், ஒன்றையொன்று குழப்பாது. 34 சென்ரிமீற்றரில் பின் உறுப்பு, 31 அளவில் முன் உறுப்புகள். பழைய ரீவி அன்ரனாவின் அலுமினியக் குழாய் இதற்கு நல்ல சாமான்.

இதை எடுத்துக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்று பாருங்கள். 2002இல் போன எஸ்ஓ-50 என்ற அமெச்சூர் செய்மதி, நாம் பேசுவதைக் கால் வாட் வலுவில்தான் திருப்பி அனுப்பும்படி கட்டியது. 436.795 மெகாஹேர்ட்ஸில் வெறும் இரைச்சல் வரும். மணிக்கட்டை மெல்ல உருட்டுங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கி யாரோ ஒருவரின் அழைப்புக்குறி (உரிமத்தோடு வரும் அடையாள எழுத்துகள்) துலக்கமாகக் கேட்கும். செய்மதி உருள உருள முனைவாக்கம், அதாவது அலை ஆடும் திசை, மாறுகிறது, உங்கள் கை அதைப் பின்தொடர்கிறது. கூரையில் நிற்கும் எந்த அன்ரனாவும் இதைச் செய்யாது. டொப்ளரையும், அதாவது செய்மதியின் வேகத்தால் அலைவரிசை நகர்வதையும், மறக்காதீர்கள்: விண்வெளி நிலையத்தின் ரிப்பீற்றர் (கேட்டதைத் திருப்பி அனுப்பும் கருவி) 437.800 என்றால் வரும்போது 437.810இல் தொடங்கி ஐந்தைந்து கிலோஹேர்ட்ஸாக இறங்கி 437.790இல் முடியுங்கள். பேசுவதற்கு 145.990, 67 ஹேர்ட்ஸ் தொனியோடு. உரிமத்தின் பிரதி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும், எங்கள் ஊரில் குளக்கட்டில் அன்ரனாவோடு நிற்பவரை யாராவது வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள்.

கேபிளில் ஒரு விஷயம். ஆர்ஜி-58 பத்து மீற்றர் போட்டால் 435 மெகாஹேர்ட்ஸில் பாதிக்கு மேல் சிக்னல் கேபிளிலேயே கரைந்துவிடும். டிஷ் ரீவிக்குப் போடும் ஆர்ஜி-6 மலிவு, 75 ஓம் என்றாலும் இழப்பு அதில் பாதிகூட இல்லை, கேட்பதற்கு அதுவே மேல். கையில் பிடிக்கும் யாகிக்கு ஒரு மீற்றர்தான் தேவை என்பதால் இந்தத் தலையிடியே இல்லை.

டிஷ்? அதில் பிடிக்கிற கியூஓ-100 என்ற செய்மதி வேறு உலகம். 25.9 பாகை கிழக்கில் அசையாமல் நிற்கும் செய்மதி, டொப்ளர் இல்லை, ஓடிப்பிடிக்க வேண்டாம், இருபத்துநான்கு மணி நேரமும் ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் கேட்கும். கேட்க மட்டும் என்றால் வீட்டில் கிடக்கும் பழைய டிஷ்ஸும், பிஎல்எல் எல்என்பியும் (டிஷ்ஸின் முன்னால் பூட்டும், அலைவரிசை நகராத வாங்கி), கணினியில் குத்தும் ஆர்ரிஎல் எஸ்டிஆர் ரேடியோக் குச்சியும் போதும், எல்என்பி அலைவரிசையைக் கீழே இறக்குவதால் செய்மதியின் 10489.750 மெகாஹேர்ட்ஸ் பீக்கன் (அடையாளச் சிக்னல்) 739.750இல் விழும். 2400 மெகாஹேர்ட்ஸில் திருப்பிப் பேசத்தான் காசு செலவாகும், அதனால்தான் இதை இரண்டாம் படியாக வைக்கிறேன். வன்னியிலிருந்து அது மேற்கே, சற்றே தெற்குச் சாய்ந்து, 27 பாகை உயரத்தில் நிற்கிறது. வீடுகளில் இருக்கும், எல்என்பி கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கும் ஓஃப்செற் டிஷ் என்றால் முகம் கிட்டத்தட்ட நட்டுக்கு நிற்கும், இந்திய டிடிஎச் டிஷ்போல் வானத்தைப் பார்க்காது. எல்என்பியையும் நிமிர்த்தி வைத்தால் வராது, ஏறக்குறைய 80 பாகை திருப்பிப் படுக்க வையுங்கள். மேற்கில் பனை நின்றால் இடத்தை மாற்றுங்கள்: 20 மீற்றர் பனைக்கு 40 மீற்றராவது கிழக்கே தள்ளி நடவேண்டும்.